பத்தமடைப் பாயில் லென்ஸ் பார்த்த கதை: கேமரா கேள்வி-பதில்

எங்கள் திருநெல்வேலியில் ஆனித் தேரோட்டம் முடிந்து நாலு நாள் ஆனால் போதும், எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே ஜாடையில் இருக்கும். தேர் முழுசாக ஃபிரேமுக்குள் விழவில்லை, உச்சிக் கலசம் வெட்டுப்பட்டுவிட்டது, கீழே வடம் பிடிப்பவர்களுக்குக் கால் இல்லை, பின்னால் நகர இடமில்லை, அப்படியே நகர்ந்தாலும் முன்னால் பத்துப் பேர் கையைத் தூக்கிப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் 'வைடு', அதாவது அகலக் கோணக் கேமரா வாங்கலாமா என்று கேட்கிறார்கள். இந்தத் தடவை அந்தக் கேள்விகளையும், அகலக் கோண லென்ஸையும் கேமரா வாங்குவதையும் ஒட்டிய வேறு சிலதையும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். நிக்கான் டி5300, கூடவே வந்த 18-55 லென்ஸ், இதுதான் பல வருடமாகக் கையில். கல்யாண ஆர்டர் எல்லாம் கிடையாது, ஆசைக்கு எடுப்பதுதான், ஆனால் ஆசை கொஞ்சம் பெரிய ஆசை. டவுன் ரத வீதி, குறுக்குத்துறை, தேரோட்டம், சந்தை, இதெல்லாம் எடுப்பேன். 28 மி.மீ. நிலை லென்ஸ் (கழற்ற முடியாது, ஜூமும் கிடையாது) வைத்த ரிக்கோ ஜிஆர் 3 பழையது ஒன்று விலைக்கு வருகிறது. நண்பர் ஒருவர், "போன்லயே 0.5னு அகல லென்ஸ் இருக்கு, இதுக்குப் போயா இவ்வளவு ரூபாய் கொடுப்ப?" என்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. இன்னும் சொன்னால், அவருக்கே தெரியாத ஒரு விஷயமும் அவர் பக்கம் இருக்கிறது. இப்போது வரும் போன்களின் முதன்மைக் கேமராவே ஏறக்குறைய 24 முதல் 26 மி.மீ. கோணத்தில்தான் பார்க்கிறது (எண் குறையக் குறைய அகலம் கூடும்). ஜிஆர் 3 பார்ப்பது 28. அதாவது நீங்கள் வாங்கப்போகும் 'வைடு' கேமரா உங்கள் சட்டைப் பையில் ஏற்கனவே இருப்பதைவிட அகலம் குறைவு. இது தெரியாமல் வாங்கினால் முதல் நாள் சாயங்காலமே வயிற்றைக் கலக்கும்.

நீங்கள் கணக்கு வாத்தியார் என்பதால் ஒரு கணக்கே சொல்லிவிடுகிறேன். 36-ஐ லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்து, நீங்கள் நிற்கும் தூரத்தால் பெருக்குங்கள். படத்தின் நீள வாட்டில் எவ்வளவு அடங்கும் என்பது வந்துவிடும். எல்லா எண்ணும் முழு ஃபிரேம் கணக்கில், அதாவது படம் பதியும் சென்சார் 36 மி.மீ. நீளம் உள்ள கேமராவின் கணக்கில், இருக்க வேண்டும். உங்கள் டி5300 மாதிரி, சென்சார் அதைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி கேமரா என்றால் லென்ஸில் எழுதியிருப்பதை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், கேனன் என்றால் 1.6. பத்தடி தள்ளி நின்றால் 35 மி.மீ.யில் பத்தடிச் சுவர் விழும், 28-இல் சுமார் பதின்மூன்று அடி, 24-இல் பதினைந்து, 16-இல் இருபத்திரண்டரை. 28-க்கும் 24-க்கும் நடுவே நாலு எண்தானே என்று தோன்றும், படத்தில் அது ரெண்டடிக்கும் மேல், ஒரு ஆள் தாராளமாக நிற்கும் இடம். அதே நாலு மி.மீ. 200-க்கும் 204-க்கும் நடுவில் என்றால் ஒருத்தரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

இப்போது தேருக்கு வருவோம். ரத வீதியில் முப்பது அடி தள்ளி நிற்கிறீர்கள், கேமரா நெடுக்குவாட்டில். உங்கள் 18 மி.மீ. என்பது 27, ஆக நாற்பது அடி உயரம் அடங்கும். நல்லதுதானே என்றால், அங்கேதான் சிக்கல். கேமராவை அண்ணாந்து பார்க்காமல் நேராகப் பிடித்தால் படத்தின் பாதி உங்கள் கண்மட்டத்துக்குக் கீழே போய்விடும். மேலே கிடைப்பது இருபது அடி, அதோடு உங்கள் கண் இருக்கும் உயரம் ஐந்தடி, ஆக இருபத்தைந்து. மீதியைப் பிடிக்கக் கேமராவை அண்ணாத்தினீர்கள் என்றால் தேர் பின்பக்கமாகச் சாய்ந்து, மேலே ஒடுங்கி, யாரோ தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். கோபுரப் படங்கள் பாதி இப்படித்தான் இருக்கின்றன. அதே இடத்தில் 15 மி.மீ. கோணம் இருந்தால் எழுபத்திரண்டு அடி அடங்கும், நேராகப் பிடித்தாலே மேலே நாற்பது அடிக்குக் கிடைக்கும். கீழ்ப்பாதியில் ரோடும் செருப்பும் வரும், அதை வெட்டிவிடலாம். ஆகத் தேரும் கோபுரமும்தான் உங்கள் குறை என்றால் 28 உங்களுக்கு மருந்தே இல்லை. ஏற்கனவே கையில் இருக்கும் 27-ஐத்தான் இன்னொரு தடவை காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

அப்படியென்றால் ஜிஆர் 3-ஐ எதற்கு ஆட்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்? அதன் அருமை அகலத்தில் இல்லை. உங்கள் டி5300-இல் இருக்கும் அளவுக்கே பெரிய சென்சாரை, 24 மெகாபிக்சல், கால்சட்டைப் பையில் போகும் டப்பாவுக்குள் வைத்திருக்கிறார்கள். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம். சென்சார் 23.5-க்கு 15.6 மி.மீ. இருக்கும். நல்ல சின்னக் கேமராக்களில் வரும் 'ஒரு இஞ்ச்' சென்சார் என்பது 13.2-க்கு 8.8, பரப்பில் இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. (ஒரு இஞ்ச் என்கிறார்களே, ஸ்கேலை வைத்து மூலைக்கு மூலை அளந்தால் 16 மி.மீ.தான் வரும். பழைய வீடியோக் குழாயின் அளவை வைத்துக் கூப்பிட்ட பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) உங்கள் நண்பர் சொல்லும் 0.5 லென்ஸுக்குப் பின்னால் இருப்பது அதைவிடவும் சின்னது. பகல் வெயிலில் போன் திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, வாஸ்தவம். சாயங்காலம் ஏழு மணிக்கு ரத வீதியில் எடுத்ததைப் பெரிதாக்கி, ஓரத்தில் நிற்பவர் முகத்தைப் பாருங்கள். போன் படத்தில் முகம் களிமண்ணைத் தடவிய மாதிரி இருக்கும்.

அந்த ஓரம் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அகலக் கோண லென்ஸ் எதுவானாலும் நடுவில் நன்றாகத்தான் இருக்கும், விலை வித்தியாசம் எல்லாம் மூலையில்தான் கிடக்கிறது. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பல வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் அகலக் கோண லென்ஸ் ஒன்று வாங்கினேன், கடைக்குள்ளேயே ரெண்டு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பிரமாதம் என்று பையில் போட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து ஏதோ உறுத்தல், இடது பக்கம் மட்டும் எப்போதும் கொஞ்சம் மசமசவென்று இருக்கிறதே என்று. எங்கள் கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய் ஒன்று பரணில் இருந்தது, மாப்பிள்ளை பெண் பேரைக் கோரையிலேயே நெய்து தருவார்களே, அது. அதைத் தார்சாச் சுவரில் ரெண்டு ஆணி அடித்துத் தொங்கவிட்டு, கேமராவிலிருந்து பாயின் நாலு மூலைக்கும் ஒரே கயிற்றால் அளந்து தூரம் சரிபார்த்துக்கொண்டு, ஸ்டாண்டில் வைத்து எடுத்தேன். வலது பக்கம் என் பேர் கோரைக் கோரையாக எண்ணுகிற மாதிரித் தெளிவு. இடது பக்கம் வீட்டுக்காரி பேர் தண்ணீரில் நனைந்த பேப்பர் மாதிரி. பாயைத் தலைகீழாக மாட்டினேன், இப்போது என் பேர் கலங்கிவிட்டது. அதாவது பாயில் கோளாறு இல்லை. லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி மயிரிழை சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறது. கடைக்காரரிடம் போனால், "எட்டு நாள் ஆயிட்டே அண்ணாச்சி" என்று கையை விரித்துவிட்டார்.

பாயைத் தூக்கிக்கொண்டு கேமரா பார்க்கப் போகச் சொல்லவில்லை. உங்கள் எஸ்டி கார்டைக் கொண்டுபோங்கள். விற்பவரிடம் சொல்லி வாசலில் நின்று, எதிர்ச்சாரியில் இழுத்து மூடிய கடை ஷட்டர் ஒன்றைப் பாருங்கள். ஷட்டர் பட்டைகள் மாதிரி லென்ஸைக் காட்டிக்கொடுக்கும் சாமான் வேறில்லை. பட்டைகள் நடுவில் புடைத்துக்கொண்டு வளைகின்றனவா என்று ஒரே படத்தில் தெரிந்துவிடும். லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்து எஃப்/2.8-இல் ஒரு படம், சுருக்கி எஃப்/8-இல் ஒரு படம். நாலு மூலையையும் பெரிதாக்கி ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள். எஃப்/2.8-இல் நாலு மூலையும் ஒரே மாதிரிக் கொஞ்சம் மங்கினால் அது லென்ஸின் சுபாவம், மன்னித்துவிடலாம். ஒரு மூலை மட்டும் கெட்டு, எஃப்/8-க்கு வந்தும் தேறவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம் எஃப்/16-இல் வெள்ளைச் சுவரை, வேண்டுமென்றே ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. நிலை லென்ஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றி ஊதிவிட முடியாது, பிரித்துத்தான் துடைக்க வேண்டும். ஜிஆர் 3-இல் தூசிக்கும் தண்ணீருக்கும் அடைப்பு எதுவும் கிடையாது, லென்ஸ் வேறு நீண்டு சுருங்கும். திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டுக்குக் கொண்டுபோகும் உத்தேசம் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள், அந்தச் செம்மண் மூச்சு விட்டாலே உள்ளே போகும்.

இன்னும் ரெண்டு சங்கடம். அதில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, திரையும் மடங்காது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மத்தியானம் திரையைப் பார்த்து ஃபிரேம் கட்டுவது என்பது கிட்டத்தட்ட குருட்டுப் பாடம். பேட்டரி கம்பெனிக் கணக்குப்படியே ஒரு சார்ஜுக்கு 200 படம்தான், ஆக ரெண்டு பேட்டரி கூட வாங்க வேண்டும், அதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நல்லதையும் சொல்லிவிடுகிறேன். 'ஸ்னாப் ஃபோகஸ்' என்று ஒன்று இருக்கிறது, தூரத்தை இரண்டரை மீட்டரில் வைத்து, எஃப்/8 போட்டுவிட்டால், சுமார் ஒன்றே கால் மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். ஃபோகஸ் ஆகட்டும் என்று காத்திருக்கும் வேலையே இல்லை, அமுக்கினால் விழுந்தது. சந்தையில் கறிவேப்பிலைக் கட்டை எட்டிப் பிடிக்கும் கையை அப்படித்தான் எடுக்க முடியும். நீங்கள் பெரிய கேமராவைத் தூக்கினால் விறைத்துப்போய் நிற்கும் ஆட்கள், இதைப் பார்த்துப் போன் மாதிரி ஏதோ என்று விட்டுவிடுவார்கள்.

சரி, வாங்கலாமா? அதற்குப் பதில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. போன ரெண்டு வருடத்தில் எடுத்ததில் உங்களுக்கே பிடித்த நூறு படத்தை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த மி.மீ.யில் எடுத்தது என்று பாருங்கள், கோப்பின் விவரத்திலேயே இருக்கும். பெரும்பாலும் 18 என்று இருந்தால் நீங்கள் 28-காரர்தான். 24, 27 என்று நிறைய வந்தால் உங்கள் கண் அவ்வளவு அகலக் கண் இல்லை, அதே ஜிஆரில் 40 மி.மீ. கோணம் கொண்ட 3எக்ஸ் இருக்கிறது, அல்லது 35 கோணம் கொண்ட ஃபூஜி எக்ஸ்100 வரிசை இருக்கிறது, வியூஃபைண்டரோடு. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லென்ஸின் ஜூம் வளையத்தை 18-இல் வைத்து இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டு, டவுனை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். டேப்பைப் பிய்க்க எத்தனை தடவை கை போகிறது என்று பாருங்கள். அல்வாக் கடைக் கூட்டத்துக்குள்ளே நுழைந்து ஆட்களுக்கு மூன்றடி பக்கத்தில் நின்று எடுக்கக் கூச்சமாக இருக்கிறதென்றால், 28 மி.மீ. வாங்கி வீட்டில்தான் வைத்திருப்பீர்கள்.

என்னைக் கேட்டால், தேரும் கோபுரமும்தான் மனதில் இருக்கிறது என்றால் டி5300-க்கே நிக்கானின் ஏஎஃப்-பி 10-20 லென்ஸைப் போடுங்கள், 230 கிராம்தான், 15 மி.மீ. கோணம் கிடைக்கும், கேமராவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை மட்டும் புதிது பண்ணிக்கொள்ள வேண்டும். இல்லை, பெரிய கேமராவைச் சுமக்கச் சோம்பல்பட்டு அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் குறுக்குத்துறைக்குப் போகிறேன் என்றால் ஜிஆரைப் பாருங்கள். 2025-இல் ஜிஆர் 4 வந்துவிட்டது, அதனால் பழைய 3-க்கு விற்பவர் சொல்லும் விலையை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அண்ணாச்சி, நிக்கானின் அந்த ஏஎஃப்-பி 10-20 லென்ஸ் எனக்கு மேலப்பாளையத்தில் ஒருவரிடம் மலிவாகக் கிடைக்கிறது. என்னிடம் இருப்பது டி5100. மாட்டிப் பார்த்தேன், சரியாக மாட்டுகிறது. வாங்கிவிடவா?

பதில்: மாட்டும், ஆனால் ஓடாது. ஏஎஃப்-பி லென்ஸ் டி5100-இல் வேலை செய்யாது, கையால் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்துகொள்கிறேன் என்றாலும் முடியாது, ஏனென்றால் அந்த வளையமே கம்பி வழியாக மோட்டாருக்குச் சொல்லித்தான் கண்ணாடியை நகர்த்துகிறது. டி90, டி7000, டி3200 வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். மலிவாக வருகிறதே என்று யோசித்தீர்களே, விற்பவரிடம் எந்தக் கேமரா இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு டோகினா 11-16 எஃப்/2.8 பழையது கிடைத்தால் பார்க்கலாம். முதலில் வந்த நிக்கான் பதிப்பில் மோட்டார் இல்லை, உங்கள் கேமராவுக்குள்ளும் மோட்டார் இல்லை, அதனால் தானாக ஃபோகஸ் ஆகாது, ரெண்டாவது பதிப்பில் மோட்டார் இருக்கிறது. முதல் பதிப்பு மலிவாக வந்தாலும் பரவாயில்லை என்பேன், 11 மி.மீ.யில் எஃப்/8 போட்டால் எட்டடியில் வைத்து மறந்துவிடலாம், கையால் ஃபோகஸ் செய்வது ஒரு வேலையே இல்லை. பளுதான் கொஞ்சம் அதிகம், கழுத்து சொல்லும்.

கேள்வி: அண்ணா, கல்லிடைக்குறிச்சி எங்களுக்கு. அகலக் கோண லென்ஸ் வாங்கி அண்ணன் மகள் சடங்கு வீட்டில் குடும்பப் படம் எடுத்தேன். முப்பத்தைந்து பேரும் அடங்கிவிட்டார்கள், ஆனால் ஓரத்தில் நின்ற பெரியம்மா ரெண்டு மடங்கு குண்டாகத் தெரிகிறார். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. லென்ஸ் மோசமா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: லென்ஸ் மோசமில்லை தங்கச்சி, திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் வாங்கவும் மாட்டார், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும் எந்த அகலக் கோண லென்ஸும் ஓரத்தில் இருப்பதை இழுத்துத்தான் காட்டும், உருண்டைத் தலை முட்டைத் தலையாகும். தூண்களும் நிலைவாசலும் நேராக நிற்கின்றன பாருங்கள், அதற்குக் கொடுக்கும் விலைதான் பெரியம்மா. மேலே முதல் பதிலில் சொன்ன கடை ஷட்டர் பட்டை வளைவது வேறு விஷயம், அது லென்ஸின் குறை, இது கணிதம்.

அடுத்த தடவை நாலடி பின்னால் போய் 24-க்குக் குறையாத கோணத்தில் எடுங்கள். உங்கள் ஊர் வீடுகளில் ரெட்டைக் கட்டும் நீள நடையும் இருக்கும், முற்றத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றாலே இடம் கிடைக்கும். போக வழியே இல்லை என்றால் ஆட்களை வளைவாக, பிறை மாதிரி நிறுத்தாதீர்கள், ஓரத்தில் இருப்பவர் இன்னும் பக்கத்தில் வந்து இன்னும் பெரிதாவார். ரெண்டு ஓரத்திலும் ஒல்லியான பையன்களை நிறுத்துங்கள், அல்லது கொஞ்சம் இடம் விட்டுவிட்டு வீட்டில் வெட்டிவிடுங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்காரும் குழந்தைகளை ஓரத்துக்கு விடக் கூடாது, காலைச் சேர்த்து இழுத்துவிடும், பாதம் மட்டும் ஒரு முழம் தெரியும்.

இப்போது எடுத்த படத்தையும் காப்பாற்றலாம். ஓரத்து முகங்களைச் சுருக்கித் தரும் 'வால்யூம் டிஃபார்மேஷன்' என்ற திருத்தம் சில மென்பொருள்களில் உண்டு, டிஎக்ஸ்ஓவின் வியூபாயின்ட் அதற்கென்றே இருப்பது. அதில் சுவர்கள் லேசாக வளையும், யாரும் சுவரைப் பார்க்கப்போவதில்லை. சரிசெய்த படத்தைச் சட்டம் போட்டுப் பெரியம்மா கையில் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், வாட்ஸப்பில் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: ஒரு கடையில் பில் இல்லாமல் என்றால் கேமராவுக்குப் பல ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்கிறார்கள். "ஒரிஜினல்தான் சார், வெளிநாட்டுச் சரக்கு, கடை வாரண்டி ஒரு வருஷம்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கேமரா ஒரிஜினலாகவே இருக்கும், பொய் சொல்லவில்லை. வாரண்டிதான் ஒரிஜினல் இல்லை. முறையாக இறக்குமதியான பெட்டியின் மேல் இங்கே இறக்குமதி செய்தவரின் பெயர், விலாசம், எம்ஆர்பி, எந்த நாட்டில் செய்தது, மாதமும் வருடமும் எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும், சட்டம் அது. அந்த ஒட்டு இல்லாத பெட்டி கிரே மார்க்கெட் சரக்கு. ரிப்பேர் என்று வந்தால் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இலவசமாகத் தொட மாட்டார்கள், கடைக்காரர் எங்கோ ஒரு மெக்கானிக்கிடம் அனுப்புவார்.

கேமராவுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதில்தான் அவர் 'குறைக்கிறார்'. அவர் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை. பில் வாங்குங்கள், அதில் கேமராவின் சீரியல் எண்ணையும் லென்ஸின் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள், பெட்டியில் இருப்பதும் கேமராவின் அடியில் இருப்பதும் ஒன்றுதானா என்று அங்கேயே பாருங்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், தபாலில் வாங்கினால் கட்டாயம். அப்புறம் ஏதாவது தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிவு செய்யுங்கள், பல கடைகள் அந்த அளவிலேயே இறங்கி வருவார்கள். இறங்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் என் லென்ஸுக்கு இதெல்லாம் செய்திருக்கலாம். பில்லைத் தொலைத்திருந்தேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்றவன், வயது 64. குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு. அகலக் கோண லென்ஸ் ஒன்று எட்டு வருடமாகத் தோல் பையில் பத்திரமாக வைத்திருந்தேன், இப்போது உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சிலந்தி வலை மாதிரி இருக்கிறது. துடைத்தும் போகவில்லை.

பதில்: அண்ணாச்சி, பத்திரமாக வைத்ததுதான் வினையாகிவிட்டது. அது பூஞ்சை. சாரல் காலத்து ஈரத்தில் தோல் பை அதற்குச் சாப்பாடும் போட்டுக் கூரையும் போட்ட மாதிரி. ஓரத்தில் மட்டும் லேசாக இருந்தால் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம், கண்ணாடிப் பூச்சைத் தின்றிருந்தால் தடம் போகாது. கொடுக்கும் முன்னால் கூலி எவ்வளவு என்று கேளுங்கள், பழைய லென்ஸின் விலையைத் தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். மற்ற லென்ஸ்களை அதோடு வைக்காதீர்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, அதில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், கூட ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், 45 சதவீதம் பக்கம் இருந்தால் போதும். அரிசி டப்பாவுக்குள் வைக்கச் சொல்வார்கள், வேண்டாம், தவிடும் பூச்சியும்தான் உள்ளே போகும். எல்லாவற்றையும்விட முக்கியம், வாரம் ஒரு தடவை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள்.

பழைய லென்ஸ் வாங்குபவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். ரெண்டு மூன்று தூசி இருந்தால் பயமில்லை, வேர் விட்ட மாதிரி ஏதாவது தெரிந்தால் வாங்க வேண்டாம்.

கேள்வி: ராதாபுரம் பக்கம் காற்றாலைகளை எடுக்க 16 மி.மீ. கோணத்துக்குப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டேன். வானத்தில் ஒரு இடம் மட்டும் கறுநீலமாக, மற்ற இடம் வெளுப்பாக வருகிறது. ஃபில்டர் டூப்ளிகேட்டா?

பதில்: ஃபில்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. சூரியனுக்குச் செங்குத்தாக இருக்கும் வானப்பட்டையில்தான் அதன் வேலை முழுசாகத் தெரியும், உங்கள் லென்ஸ் மூலைக்கு மூலை நூறு பாகைக்கும் மேல் வானத்தை ஒரே படத்தில் அள்ளுவதால் அந்தப் பட்டையும் அதற்கு வெளியே இருப்பதும் சேர்ந்து விழுகின்றன. வானம் நிறைய வரும் படத்துக்கு அதைக் கழற்றிவிடுங்கள். பைக்குள்ளேயே இருக்கட்டும், பாபநாசம் போகும்போது தண்ணீரின் பளபளப்பை எடுக்கவும் நனைந்த பாறையின் நிறம் தெரியவும் போட்டுக்கொள்ளலாம். மெல்லிய வளையம் உள்ளதாகத்தானே வாங்கினீர்கள்? தடித்த வளையம் என்றால் 16-இல் நாலு மூலையும் கறுத்துப்போயிருக்குமே, அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை நீங்கள்.